பழைய காரின் என்ஜினும் ஒயரிங்கும்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

பொறி உண்டாக்க மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ. இந்த மூன்றும் கொண்ட காரை மீட்டெடுக்க இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய காரில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நடக்கிறது. பொறுமையாக அளந்து பார்த்தால் பழுது தானாக வெளியே வந்துவிடும். ஆனாலும் பலர் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறார்கள். பொறிக்கான உயர்அழுத்த மின்சாரம் தரும் காயிலை மாற்றுகிறார்கள், பிளக்கை மாற்றுகிறார்கள், கார்புரேட்டரைப் பிரித்துப் போடுகிறார்கள். முடிவில் பழைய பழுது அப்படியே இருக்கிறது. புதுப் பாகங்கள் கொண்டுவந்த இரண்டு பழுதுகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். தொடும் முன் அளந்து பாருங்கள். மின்னணு இக்னிஷன், டைனமோவுக்குப் பதிலாக வரும் ஆல்டர்னேட்டர், ஹாலஜன் விளக்கு போன்ற மாற்றங்களை, கார் தன் பழைய அமைப்பிலேயே ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பழுதுள்ள ஒயரிங்கின் மேல் புதுக் கருவியைப் பொருத்தினால், குற்றம் கருவியின் மேல் விழும். காரணம் ஒயருக்குள் ஒளிந்துகொள்ளும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். மல்டிமீட்டர், நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், பொறி பாயும் நேரத்தைக் (டைமிங்) காட்டும் டைமிங் விளக்கு, இவற்றோடு இரண்டு ஒயர்கள் இணைத்த சாதாரண 12 வோல்ட் பல்பு. இந்தப் பல்பை அற்பமாக நினைக்காதீர்கள். மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. அதனால் உள்ளே ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சிய ஒயரிலும் அது 12.6 வோல்ட் என்று காட்டும். 21 வாட் பல்பை அதே ஒயரில் மாட்டினால் மங்கி நின்று உண்மையைச் சொல்லிவிடும். சுமை ஏற்றிப் பார்க்காத எந்த அளவையும் நம்பாதீர்கள். இந்தக் குறிப்பு முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் இணைப்பை முதலில் கழற்றுங்கள். சில பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எது எர்த் என்று ஒயரைத் தொடர்ந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பெட்ரோல் குழாயைத் திறக்கும் நாளில் பொறி சோதனை செய்யாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் தேவைப்பட்டால், பெட்ரோல் ஆவி முழுவதும் போன பிறகு, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பல ஆண்டுகள் ஓடாத என்ஜின்

இதில் அறிகுறி தெரியும் முன்பே எச்சரிக்கை வேண்டும். பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். நகர மறுத்தால் நீளமான குழாய் போட்டு நெம்பாதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

கையால் முழுச் சுற்று சுற்றிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் கேஜ் உயர்வதைக் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். டேங்கில் தங்கிய பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிடுங்கள். வார்னிஷ் வாடை வரும் பெட்ரோல் கார்புரேட்டரின் சிறு துளைகளான ஜெட்டுகளை அடைக்கும், சில சமயம் வால்வுத் தண்டுகளையும் ஒட்ட வைத்துவிடும்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றவில்லை, அல்லது சோம்பலாகச் சுற்றுகிறது

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது பேட்டரி முனையில் இணைப்பு சரியில்லை, அல்லது செல்ஃப் மோட்டாரின் சிறு பற்சக்கரமான பினியன், என்ஜினின் ரிங் கியரில் சிக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கு சிறிதும் மங்காமல் இருந்தால் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போகவே இல்லை. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டு, சுவிட்ச், மோட்டாரின் பிரஷ் ஆகியவற்றில் ஒன்றில் பழுது.

நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி தேறிவிட்டதா? இனி ஒயர்களை அளக்கலாம். காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. அதேபோல் மின்சாரம் வரும் பக்கத்தில், பேட்டரிக் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் முனை வரை 0.5 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது.

எர்த் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பாடிக்கும் அவற்றுக்கும் இடையில் மின்சாரம் திரும்பி வர ஒரு பின்னல் பட்டை மட்டுமே வழி. மீட்டெடுக்கும்போது பெயிண்ட் அடித்த இடத்தின் மேலேயே அந்தப் பட்டையை முறுக்கிவிடுவது மிகவும் பரவலான தவறு. பாதை அடைபட்ட மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சுட்டால், அதன் உறை உருகியிருந்தால், நேராக எர்த் பட்டைக்குப் போங்கள். பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

குளிர்ந்த நிலையில் நன்றாகச் சுற்றி, சூடான பிறகு மட்டும் இழுக்கிறது என்றால் முதலில் மேலே சொன்ன அளவுகளைச் சூட்டிலேயே எடுங்கள். அவை சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரின் புஷ்கள் (தண்டைத் தாங்கும் வளையங்கள்) தேய்ந்திருக்கலாம், அல்லது டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருக்கலாம். டைமிங் அதிகம் முந்தினால் பிஸ்டன் மேலே வரும் முன்பே எரிந்து, செல்ஃப் மோட்டாரை எதிர்த்துத் தள்ளும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பற்றவில்லை

பொறியா, பெட்ரோலா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து காயிலின் நடு ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை என்ஜின் உலோகத்திலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீலமாக, சடசடவென்று பொறி பாய வேண்டும். மஞ்சளாக, நூல்போல வந்தால் அதைப் பொறி என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

பொறி இல்லையென்றால் ஒரு சிறிய 5 வாட் பல்பை, காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டுங்கள். இக்னிஷனைப் போட்டுச் செல்ஃப் அடித்தால் பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரியும், மூடும்போது அணையும். அப்படிச் சிமிட்டினால் தாழ்அழுத்தப் பக்கம் முழுவதும் வேலை செய்கிறது; பழுது காயிலின் உயர்அழுத்தச் சுருளிலோ, பாயிண்டோடு இணைந்த கண்டென்சரிலோ இருக்கிறது. பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடுவதே இல்லை, அல்லது மூடியும் மின்சாரம் கடக்கவில்லை. புதுப் பாயிண்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய மெல்லிய பூச்சு இருக்கும்; அதை ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தால் துடைக்காமல் மாட்டினால் இப்படித்தான் ஆகும். பல்பு எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் பெரும்பாலும் அந்த முனை எங்கோ எர்த்தைத் தொடுகிறது: உள்ளே ஷார்ட்டான கண்டென்சர், அல்லது பாயிண்ட் போல்ட்டில் இடம் மாறிப்போன ஃபைபர் வாஷர். வாஷர்களின் வரிசையைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காயிலில் நல்ல பொறி, பிளக்கில் ஒன்றும் இல்லை என்றால் சந்தேகம், மூடிக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் ரோட்டரின் மேல். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் ரோட்டர்கூட, பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக அடியிலுள்ள தண்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடும். மூடியைத் திறந்து, ரோட்டரை அதன் இடத்திலேயே வைத்து, காயில் ஒயரின் முனையைப் பித்தளைத் தகட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். பாயிண்டைத் திறந்து மூடும்போது பொறி தகட்டுக்குள் தொடர்ந்து பாய்ந்தால் ரோட்டர் ஷார்ட். நல்ல ரோட்டரில் பாயாது, அல்லது முதல் தடவை மட்டும் மெல்லியதாகத் தெரியும்.

பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். எனவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசையை மாற்றிச் செய்து, இரண்டையும் மாறி மாறித் திருத்திக்கொண்டு ஒரு நாளைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்ஃப் அடிக்கும்போது பற்றி, சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறதா? இந்த ஓர் அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான். சில கார்களில் காயிலுக்கு முன்னால், மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் சாவி திரும்பிய கணமே காயில் செத்துவிடும். அவசரத்துக்கு ரெசிஸ்டரை ஒயரால் தாண்டிவிட்டு ஓட்டினால் காயிலும் பாயிண்டும் வெந்துபோகும். ரெசிஸ்டரோடு பயன்படும் காயிலின் முதல் சுருள் ஏறக்குறைய 1.5 ஓம் காட்டும். ரெசிஸ்டர் தேவையில்லாத காயில் 3 ஓம் அளவில் இருக்கும். எந்தக் காயிலை வாங்கினாலும் பெட்டியை நம்பாமல் அளந்து பாருங்கள்.

பெட்ரோல் பக்கம் எளிது. நாலைந்து முறை செல்ஃப் அடித்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு, காயிலைத் துண்டித்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி வந்தால் பம்ப் சரி, கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசியோ (ஃப்ளோட் ஊசி) ஜெட்டோ அடைத்திருக்கிறது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டதா என்று காதருகே குலுக்கிப் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் விட்டுவிட்டு மிஸ் ஆகிறது

பழைய காரில் மனத்தை அதிகம் சோர்வடையச் செய்வது இதுதான். ஐட்லிங்கில் தங்கம்போல் ஓடும். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் திணறும். எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார்கள். நானும் ஒரு காரில் இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, ஜெட் மாற்றி, ஊசி மாற்றி, மூன்று வாரம் செலவழித்திருக்கிறேன். பழுது இருந்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

பாயிண்ட் உட்காரும் தட்டு, என்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் சில பாகை சுழலும். அந்தத் தட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலோடு இணைப்பது ஒரு மெல்லிய, துணி உறையிட்ட எர்த் ஒயர். பல ஆயிரம் முறை வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே அதன் இழைகள் அறுந்துவிடும். தட்டு ஓரிடத்தில் நிற்கும்போது இழைகள் தொட்டுக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை அழுத்தித் தட்டு நகரும்போது பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் முழுதாகத் தெரியும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மிஸ் நின்றுவிட்டால் குற்றவாளி இந்த ஒயர், அல்லது பாயிண்டுக்கு வரும் அதன் ஜோடி ஒயர். மாற்றும்போது சாதாரண ஒயர் போடாதீர்கள். நுண்ணிய இழைகள் நிறைந்த நெளியும் ஒயர்தான் நிலைக்கும்.

அடுத்து கண்டென்சர். அது பாயிண்ட் திறக்கும்போது இடைவெளியில் பொறி பாயாமல் தடுத்து, காயிலில் காந்தப்புலம் சட்டென்று சரியச் செய்கிறது. ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் அளவு இருக்கும். கெட்டுப்போனால் பாயிண்டில் கண்ணைக் கூசும் பொறி தெரியும். முகம் கறுக்கும், சில நூறு கிலோமீட்டரிலேயே ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் உண்டாகும். நல்ல பழைய கண்டென்சரை, புதிது கிடைத்துவிட்டது என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்களின் தரம் சீராக இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரோட்டரையும் கண்டென்சரையும் காரிலேயே உதிரியாக வைத்திருப்பது என் வழக்கம்.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் தேய்மானத்தையும் பாருங்கள். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு விதமாகத் திறக்கும். எவ்வளவு கவனமாக ஃபீலர் கேஜ் வைத்தாலும் அந்த அளவுக்குப் பொருள் இல்லை. மின்னணு இக்னிஷன் பொருத்தினால் இந்தக் குறை ஓரளவு மறையும். ஆனால் உள்ளே, வேகம் கூடும்போது டைமிங்கை முன்தள்ளும் எடை அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது மறையாது. டைமிங் விளக்கு வைத்து, வேகம் கூடக் கூடக் குறி சீராக முன்னேறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிடுங்கள். பிளக் ஒயர்களில் நீலக் கோடுகள் நெளிந்தால் வேறு சோதனை தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மிஸ் போகவில்லையென்றால் இப்போது கார்புரேட்டரைப் பாருங்கள். கார்புரேட்டர் வழியே தும்மினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது ஓட்டத்தின் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று கசிகிறது. இதற்கு எரியக்கூடிய ஸ்பிரே பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதை நான் செய்ய மாட்டேன். திராட்டில் தண்டு தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று கசிவதும் பழைய கார்புரேட்டர்களில் சாதாரணம். தண்டுக்குப் புது புஷ் போடாமல் ஐட்லிங் திருகை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது.

சூடானதும் நின்றுபோகிறது, ஆறினால் மறுபடி எடுக்கிறது

நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். வீட்டுக்கு இழுத்துவந்து பார்த்தால் எல்லாம் ஆறி, எல்லாம் சரியாகவே இருக்கும். உதிரிப் பிளக் ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள். நின்றவுடன் ஒரு பிளக் ஒயரை அதில் மாட்டி, உலோகத்தில் சாய்த்துவைத்துச் செல்ஃப் அடியுங்கள். பொறி இல்லையென்றால் சூட்டில் சுருள் விரிந்து அறும் காயில், அல்லது கண்டென்சர்.

பொறி இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும் வேப்பர் லாக். இன்றைய பெட்ரோல், இந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகிறது. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைத்து, நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு போடுவது முதல் வேலை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை உள்ளிருந்து உப்பவைத்துச் சிதைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மின்சாரப் பம்ப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், டேங்குக்கு அருகில், தாழ்வாக. ஆனால் பெரும்பாலான பழைய கார்புரேட்டர்களுக்கு ஏறக்குறைய 0.2 பார் அழுத்தமே போதும். அதற்கு மேல் போனால் ஃப்ளோட் ஊசியால் தடுக்க முடியாது, பெட்ரோல் வழியும். மோதலில் என்ஜின் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது இன்னும் முக்கியம். மோதல் அதிர்ச்சியில் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் மின்சாரப் பம்ப் பொருத்தாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இழுவை குறைந்துவிட்டது

எல்லாப் பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து, சூடான என்ஜினில் கம்ப்ரஷன் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது உயர்ந்தால் ரிங் தேய்வு, உயராவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

வால்வுக்கு விடும் டேப்பெட் இடைவெளி, குறிப்பாக எக்ஸாஸ்ட் பக்கத்தில், சரிசெய்யச் சரிசெய்யக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளுக்கு ஒரு கவசமாகவும் இருந்தது. 2021இல் உலகம் முழுவதும் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முடிவுக்கு வந்துவிட்டது. அது நல்லதே, ஈயம் நஞ்சு. ஹெட்டை எப்படியும் பிரிக்கும் நாளில், கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். மிதமாக ஓட்டும் காருக்காக இதற்கென்றே ஹெட்டைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். இடைவெளியைக் குறித்து வைத்துக் கவனித்துவந்தால் போதும்.

கொதிக்கிறது

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அதில் பொறித்த வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அது நிரபராதி. ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். 0.5 பார் அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையை ஏறக்குறைய 110 பாகை வரை உயர்த்தும். ரப்பர் வெடித்திருந்தால் 100 பாகையிலேயே கொதிக்கும். வேகத்தில் மட்டும் கொதித்தால் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதா என்று கவனியுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் என்ஜின் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்து கடைசிச் சிலிண்டர் பக்கம் மட்டும் அதிகம் சுட்டால், பிளாக்கின் அடியில் பல ஆண்டுச் சேறு தங்கியிருக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டு மூடியான கோர் பிளக்கைக் கழற்றிக் குச்சியால் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை

டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் செய்யாது. எச்சரிக்கை விளக்கு மின்னுவது அதன் இயல்பு. வேகம் கூட்டியும் விளக்கு அணையவில்லையென்றால்தான் பழுது. காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு சுருளின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கும் டைனமோவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு ஒயர்களையும் கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். ஐட்லிங்கிலிருந்து மெல்ல, நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று வரை கூட்டும்போது அளவு வேகமாக ஏறி 20 வோல்ட்டைத் தொட வேண்டும். அதற்கு மேல் என்ஜினை விரட்டாதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு சுருள். 4, 5 வோல்ட்டில் நின்றால் சுழலும் பகுதியான ஆர்மேச்சர். டைனமோ தேறிவிட்டால் பழுது, அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டிலோ ஒயரிலோ இருக்கிறது.

ஆல்டர்னேட்டருக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை பல. பாசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவ் எர்த்தாக மாற்றாமல் சாதாரண ஆல்டர்னேட்டரை இணைத்தால் டையோடுகள் கணத்தில் போய்விடும். எர்த் மாற்றும்போது அம்மீட்டரின் ஒயர்களையும் காயிலின் முனைகளையும் இடம் மாற்ற வேண்டும்; காயிலை மாற்ற மறந்தால் கார் ஓடும், ஆனால் பொறி பலவீனமாகி, சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். டைனமோவையே வைத்துக்கொண்டு எர்த்தை மட்டும் மாற்றினால், ஃபீல்டு ஒயரைக் கழற்றிவிட்டு அந்த முனையைப் பேட்டரி மின்சாரத்தால் ஒரு கணம் தொட்டு அதன் காந்தத்தைத் திருப்பிவிட வேண்டும். நிலைக்காந்தம் கொண்ட ஹீட்டர் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அதன் ஒயரையும் மாற்றுங்கள்.

30 ஆம்பியர் அம்மீட்டர் வழியாக 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைச் சார்ஜ் செய்யவிடாதீர்கள். தடித்த ஒயர் ஒன்றை, தகுந்த ஃபியூஸோடு, நேராகப் பேட்டரிக்கு இழுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். புது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாவிட்டால் எச்சரிக்கை விளக்கின் பல்பைப் பாருங்கள். ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. அது ஃபியூஸ் ஆனாலோ எல்இடியாக மாற்றப்பட்டிருந்தாலோ ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருக்கலாம்.

விளக்குகள் மங்கல், டாஷ்போர்டுக்குப் பின்னால் கருகிய வாடை

வாடை வந்தால் ஓட்டுவதை நிறுத்திப் பேட்டரியைத் துண்டியுங்கள். பழைய காரில் ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வருகிறது. இரண்டு 55 வாட் ஹாலஜன் பல்புகள் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மெலிந்த பழைய பல்புகளுக்கென்று செய்த சுவிட்சுக்கு அது தாங்காத சுமை. பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் பலர் இன்னும் பெரிய வாட் பல்பு போட்டு, இன்னும் மங்கலாகக் காண்கிறார்கள்.

இதற்கு நான் எல்லாக் காரிலும் செய்யும் மாற்றம், சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் ரிலே. விளக்குகளுக்கு அருகில் இரண்டு ரிலேக்கள், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஃபியூஸ், விளக்குக் கிண்ணத்துக்கே தனி எர்த். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். வெளித்தோற்றம் மாறாது, பழைய ஒயரிங்கை வெட்டவும் வேண்டாம். பின்னாளில் யாரேனும் கழற்றி எடுக்க விரும்பினால் எடுத்துவிடலாம். பழைய பிரிட்டிஷ் கார்களில் 35 என்று எழுதிய கண்ணாடி ஃபியூஸ் எரிந்துபோகும் அளவைக் குறித்தது. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அந்த இடத்தில் தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்பே ஒயர் எரியும்.

இண்டிகேட்டர் பல்புகளை எல்இடியாக்கிய பின் சிமிட்டவில்லையென்றால் பழுது இல்லை. பல்பின் மின்னோட்டச் சூட்டில் இயங்கும் பழைய ஃபிளாஷருக்குச் சுமை போதவில்லை. ஃபிளாஷரையும் மாற்றுங்கள். பெட்ரோல், வெப்பநிலை முட்கள் இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் அதன் எர்த்தும். ஒன்று மட்டும் பொய் சொன்னால், அதற்கு அளவை அனுப்பும் உணர்கருவி (சென்டர் யூனிட்).

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கிவிடுகிறது

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி, நடுவே 5 வாட் பல்பை மாட்டுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ பெரிய கசிவு; ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுக்கும்போது அணைகிறதோ அந்தச் சுற்று. பல்பு எரியாவிட்டால் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து அளவெடுங்கள். கடிகாரம் தவிர எதுவும் இல்லாத பழைய காரில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் இருக்கக் காரணமில்லை. எல்லா ஃபியூஸையும் எடுத்தபிறகும் கசிவு நிற்கவில்லையென்றால் ஃபியூஸ் இல்லாத சுற்றுகளைத் தேடுங்கள்: கட்-அவுட்டின் ஒட்டிக்கொண்ட முகங்கள், ஆல்டர்னேட்டரின் கசியும் டையோடு. டைனமோவை மாலையில் தொட்டுப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகும் அது மட்டும் சூடாக இருந்தால் பேட்டரி அதற்குள் வடிந்துகொண்டிருக்கிறது. டிக்கி விளக்கையும் டாஷ்போர்டுப் பெட்டியின் விளக்கையும் மூடிய நிலையில் பார்க்க முடியாது. ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தவுடன் பல்பின் மேல் விரலை வையுங்கள். சுட்டால் பழுது அங்கேதான். மூடும்போது சுவிட்சின் குமிழ் முழுவதும் அமுங்கவில்லை.